திருத்துவதா, மாற்றுவதா?

ஒரு வீட்டிலே சலவை இயந்திரம் திடீரென நின்றுவிட்டால் அங்கே எழும் முதற் கேள்வி, "இதைத் திருத்துவதா, புதிதொன்று வாங்குவதா?" என்பதாகும். கேள்வி நியாயமானதே. ஆயினும், பெரும்பாலும் அது நேரத்துக்கு முந்தி எழுந்துவிடுகின்றது. நோய் இன்னதென்று தெரியுமுன்னரே சத்திரசிகிச்சை வேண்டுமா, மருந்து போதுமா என்று உறவினர் கூடியிருந்து விவாதிப்பதை ஒத்தது அது. முதலில் அறியவேண்டுவது பழுதானது எது என்பதாகும். அதை அறியாமலே இயந்திரத்தைக் கழித்துவிட்டவர்களும், அதை அறியாமலே மூன்று முறை பணங்கொடுத்துத் திருத்தியவர்களும் நம்மூரில் ஏராளம்.

இது வெறும் பணக்கணக்கு அன்று. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டை உதாரணமாகக் கொள்ளலாம். கணவன் மனைவி இருவரும் உத்தியோகம் பார்ப்பவர்கள். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். படுக்கையை விட்டு எழ இயலாத மாமியார் ஒருவர். அந்த வீட்டில் நாளொன்றுக்கு நனைந்து மாற்றப்படும் விரிப்புகளே ஒரு சுமை வரும். கிணற்றடியும் இல்லை, துவைகல்லும் இல்லை, உலர்த்துவதற்கு நாலு முழம் பலகணியே உண்டு. இயந்திரம் நின்ற அன்று மாலையே குளியலறைத் தரையில் வாளியை வைத்துக்கொண்டு குந்தியிருப்பவர் யாரென்பதைச் சொல்லவேண்டியதில்லை. இயந்திரத்தைப் பற்றிய முடிவை எடுப்பவர் ஒருவர், அம்முடிவு வரும்வரை துணி துவைப்பவர் வேறொருவர் என்பதே பல வீடுகளில் உள்ள நிலைமை. "அடுத்த மாதம் பார்ப்போம்" என்ற சொல் அவ்வளவு எளிதாக வாயில் வருவதற்குக் காரணம் அதுவே.

சுவீடன் நாட்டு மருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் என்பார் 2010ஆம் ஆண்டில் நிகழ்த்திய ஓர் உரையில், தம் இல்லத்துக்கு முதன்முதலாகச் சலவை இயந்திரம் வந்த நாளை நினைவுகூர்ந்தார். அவருடைய பாட்டியார் இயந்திரத்தின் முன் அமர்ந்து, துணி சுழன்று முடியும்வரை வைத்த கண் வாங்காமற் பார்த்துக்கொண்டிருந்தாராம். தாயாரோ மிச்சமான நேரத்திலே மகனை நூலகத்துக்கு அழைத்துச் சென்றாராம். நம் நாட்டிலும் அந்த நேரத்தின் மதிப்பை அறிந்த பாட்டிமார் உளர். 1990ஆம் ஆண்டின் பின் மின்சாரமும் இன்றி, பொருளாதாரத் தடையினாற் சவர்க்காரமும் அருகிப்போன யாழ்ப்பாணத்திலே, பனம்பழத்தைப் பிசைந்து அதன் களியிலே துணி துவைத்தவர்கள் அவர்கள். துவைத்து உலர்த்திய சேலையை மாடு சப்பிவிடாமற் காவலிருந்ததையும் அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வர். அத்தகைய ஒருவர் பொத்தானை அழுத்தியதும் நீர் தானாகவே வந்து நிரம்புவதைக் கண்டு அடையும் ஆறுதலைக் கடைக்காரரின் விலைப்பட்டியலில் எங்ஙனம் குறிப்பது?

இனிப் பழுதுகளைப் பார்க்கலாம். இயந்திரத்தின் பழுதெனக் கருதப்படுவனவற்றுள் பல, இயந்திரத்தின் பழுதே அல்ல. இயந்திரத்துள் நீர் மிக மெதுவாக ஏறுகின்றது, அல்லது ஏறாமலே பிழை எழுத்துத் தோன்றுகின்றது என்று வைத்துக்கொள்க. நீர் உட்புகும் வால்வு திறப்பதற்கு ஓரளவு நீரமுக்கம் வேண்டும். கூரைக்குச் சற்று மேலே தொட்டியை வைத்துவிட்டு, அதே தளத்தில் இயந்திரத்தையும் வைத்தால் அவ்வமுக்கம் கிடைப்பதில்லை. இயந்திரத்தைக் கீழ்த்தளத்துக்கு இறக்கியதும் நோய் தீர்ந்த வீடுகள் உண்டு. தொட்டி உயரத்தில் இருந்தும் நீர் வராவிடின், இயந்திரத்தின் பின்புறத்தில் குழாய் பூட்டப்படும் வாயிலே சிறியதொரு வலை இருக்கின்றது. அதைக் கழற்றிப் பார்க்கவேண்டும். கிணற்றுமணலும், சுண்ணாம்புப் படிவும் அதை அடைத்திருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடிநீர் சுண்ணக்கற் பாறையினூடே ஊறி வருவதனால் வன்மை மிக்கது. அங்கே இந்த வலையை அடிக்கடி பழைய பற்றூரிகையாற் சுத்தஞ்செய்வது இன்றியமையாதது.

நீர் வெளியேறவில்லை என்பது மற்றொரு முறைப்பாடு. முன்புறக் கதவுடைய இயந்திரங்களிலே கீழ்மூலையில் ஒரு சிறு மூடியும், அதனுள்ளே ஒரு வடியும் உண்டு. நாணயக்குற்றி, கொண்டையூசி, சட்டைப்பொத்தான், குழந்தையின் காலுறை ஆகியன அங்கே ஒளிந்திருக்கும். நீரை வெளியேற்றும் பம்பு "ஊம்" என்று முனகுகின்றதாயினும் நீர் போகவில்லையாயின், பெரும்பாலும் அதன் சிறகிலே எதோ சிக்கியிருக்கின்றது என்பது பொருள். இதற்காகத் திருத்துநரை அழைத்தவர் கொடுப்பது ஐந்து நிமிட வேலைக்கு வந்துபோகும் கூலி. அது திருத்துநரின் குற்றமன்று. மூடி அங்கே இருக்கின்றது என்பதைக் கைந்நூலின் தொடக்கப் பக்கங்களிலேயே எழுதியிருந்தும் எவரும் படிப்பதில்லை. எதைத் திறக்குமுன்னும் மின்செருகியைக் கழற்றிவிடவேண்டும் என்பதையும், கீழே ஒரு தட்டத்தை வைத்துக்கொள்ளவேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

உண்மையான பழுதுகளுக்கு வரும்போது, இயந்திரத்தின் வகையே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றது. துவைப்பதற்கு ஒரு தொட்டி, பிழிவதற்கு ஒரு தொட்டி என இரட்டைத் தொட்டியுடைய இயந்திரம் நம் நாட்டுக் கிராமங்களுக்கு ஏற்ற எளிய சாதனம். அதன் வயிற்றினுள்ளே இரண்டு மோட்டர், ஒரு பட்டி, ஒன்றிரண்டு ரைமர், ஒரு கொள்ளளவி, இவையே உள. பிழியும் தொட்டி சுழலாது முனகினால், பெரும்பாலும் கொள்ளளவி பலமிழந்திருக்கும். அல்லது மூடியைத் திறந்ததும் தொட்டியை நிறுத்தும் தடைக்கம்பி இறுகியிருக்கும். இரண்டும் அற்பச் செலவில் தீரக்கூடியவை. துவைக்கும் பக்கம் சுழலாவிடின் பட்டி தேய்ந்திருக்கும். மிதிவண்டி திருத்தத் தெரிந்த கைக்கு இந்த இயந்திரம் அந்நியமானதன்று. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும்: கொள்ளளவி மின்செருகியைக் கழற்றிய பின்னரும் மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடியது, பழக்கமில்லாதவர் அதைத் தொடுதல் தகாது. இத்தகைய இயந்திரத்தை, அதன் உடல் வெடிக்காதவரை, திருத்துவதே முறை. இதிலே யோசிப்பதற்கு அதிகம் இல்லை.

யோசனை வேண்டுவது முன்புறக் கதவுடைய இயந்திரத்திற்கே. முன்சொன்ன தொடர்மாடி வீட்டு இயந்திரமும் அவ்வகையே, வயது ஏழு. சில மாதங்களாகவே பிழியும் வேளையிற் புகையிரதம் பாலத்தின்மேற் போவதுபோன்ற இரைச்சல் எழுந்துகொண்டிருந்தது, ஒருநாள் நின்றேவிட்டது. அந்த இரைச்சலின் காரணம் துணிபோடும் உருளையைத் தாங்கும் பெயாரிங் ஆகும். பெயாரிங்கின் முன்னே ஒரு றப்பர் அடைப்பு இருக்கின்றது. அவ்வடைப்பின் உதடு தேயும்போது சவர்க்காரநீர் உள்ளே கசிகின்றது. கசிந்த நீர் கிறீசைக் கரைத்து உருக்குக் குண்டுகளைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. கதவைத் திறந்து உருளையின் மேல்விளிம்பைக் கையால் மேலுங் கீழுமாக அசைத்துப் பார்த்தால், சுற்றியுள்ள தொட்டி அசையாமல் உருளை மட்டும் தனியே ஆடுவது தெரியும். ஆடினால் ஐயமில்லை.

பெயாரிங் விலையுயர்ந்த பொருளா? இல்லை. பல இயந்திரங்களில் இருப்பவை 6205, 6206 என எண் பொறித்த, உலகெங்கும் ஒரே அளவில் விற்கப்படும் சாதாரணப் பெயாரிங்குகளே. மோட்டர் உதிரிப்பாகக் கடையிலும் அவற்றைக் காணலாம். செலவு அவற்றை மாற்றும் உழைப்பிலேதான் இருக்கின்றது. இயந்திரத்தை ஏறக்குறைய முழுவதுமாகக் கழற்றவேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. பழைய இயந்திரங்களில் வெளித்தொட்டி இரு பாதியாக இருந்து ஆணிகளாற் பூட்டப்பட்டிருந்தது. அண்மைக்கால இயந்திரங்கள் பலவற்றில் இவ்விரு பாதியும் உருக்கி ஒட்டப்பட்டுவிட்டன. சிறு பெயாரிங்கை எட்டமுடியாமல் தொட்டி முழுவதையுமே மாற்றவேண்டிய நிலை. துணிந்த திருத்துநர் சிலர் அந்த ஒட்டை வாளால் அறுத்து, மீண்டும் ஆணியும் பசையுமிட்டு மூடுவர். அது கைத்திறன்தான். ஆயினும் கசியாதென்று எவரும் சத்தியஞ்செய்ய இயலாது.

உருளையின் முதுகிலே அதைத் தாங்கும் மூன்று கையுடைய அலுமினிய வார்ப்பு ஒன்றுண்டு. ஈரமும், அலசப்படாது தங்கிய சலவைத்தூளும் அதை ஆண்டுக்கணக்கில் அரிக்கும். பெயாரிங் மட்டும் தேய்ந்திருந்தால் திருத்தம் சிறிது. இந்த வார்ப்பும் அரித்திருந்தால் திருத்தம் பெரிது. இரைச்சல் தொடங்கிய முதல் மாதத்தில் பெயாரிங்கோடு முடிந்திருக்கக்கூடிய வேலை, "ஓடும்வரை ஓடட்டும்" என்று விடப்பட்டமையால், அச்சைத் தேய்த்து உருளையைத் தொட்டியோடு உரசச் செய்து, மீளமுடியாத நிலைக்குப் போய்விடும். முடிவெடுக்காத வீட்டுக்கு இயந்திரமே முடிவெடுத்துக்கொடுக்கின்றது.

இலத்திரனியல் பலகை கெட்டுவிட்டது என்பதும் இக்காலத்தில் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு. நம் நாட்டு மின்வழங்கலின் பெயரளவு 230 வோல்ற்று. மின்தடை ஏற்பட்டு மீளும் கணத்தில் அளவு மீறிய வோல்ற்றளவு பாய்ந்தால், மெல்லிய உறுப்புகள் கருகிவிடும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்த நாட்களில் இதைப் பட்டறிந்தவர் பலர். மின்வெட்டு வந்ததும் செருகியைக் கழற்றிவிடும் பழக்கம் அன்று கற்றது, இன்றும் நல்லது. பலகைக்கு வேறு பகைவரும் உளர்: எறும்பு, பல்லி, அடியிலிருந்து புகுந்து கம்பியைக் கடிக்கும் எலி. பலகை கெட்டதென்றவுடன் புதுப்பலகையே வேண்டுமென்பதில்லை. வானொலி, தொலைக்காட்சி திருத்திப் பழகிய கைகள் கருகிய ஓர் உறுப்பை மட்டும் மாற்றி அதை எழுப்பிவிடுவதுண்டு. பலகை முழுவதும் பிசினால் மூடப்பட்டிருந்தால் அது கடினம். எவ்வாறாயினும், கேட்டுப்பார்க்காமற் புதுப்பலகைக்குப் பணம் கொடுத்தல் ஆகாது.

எனவே நோயறியும் வேலையே எல்லாவற்றிலும் முதன்மையானது. அவ்வேலையைச் செய்பவர் யார்? புதியதை விற்பவரிடம் கேட்டால் பழையதன் ஆயுள் முடிந்தது என்பார். திருத்திப் பிழைப்பவரிடம் கேட்டால் இன்னும் பத்தாண்டு ஓடும் என்பார். இருவரும் பொய்யரல்லர், ஆனால் இருவருக்கும் விடையிலே பங்குண்டு. பழுது பார்த்துச் சொல்வதற்கு மட்டும் ஒரு கூலியைப் பேசி, திருத்தினாலும் திருத்தாவிட்டாலும் அதைக் கொடுத்துவிடுதல் நன்று. பலர் அக்கூலியைத் தண்டமென நினைக்கின்றனர். உண்மையில், வீட்டுக்காரர் கொடுக்கும் பணத்துள் மிகுந்த பயன்தருவது அதுவேயாகும். அதைப் பெற்றவர் எந்த உறுப்பு, ஏன் கெட்டது, அது கெட்டதால் வேறெது கெட்டிருக்கக்கூடும் என்ற மூன்றையும் சொல்லவேண்டும். கழற்றிய பழைய உறுப்பை வீட்டிலேயே விட்டுச் செல்லுமாறும், போட்ட உறுப்புக்கு மூன்று மாதமாவது உத்தரவாதத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருமாறும் கேட்பது மரியாதைக் குறைவன்று. நல்ல திருத்துநர் இதற்குச் சினப்பதில்லை.

விலை தெரிந்தபின் கணக்கு. திருத்தச்செலவு புதியதன் விலையிற் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு என்பதொரு பொதுவிதி உலகெங்கும் வழங்குகின்றது. இது நினைவில் வைக்க எளியது. ஆனால் ஆண்டுகளை எண்ணாத விதி. அதனிலும் நேரான வழி ஒன்றுண்டு. புதிய இயந்திரம் ஒன்றின் விலை 180,000 ரூபா என்றும், அது ஒன்பது ஆண்டு உழைக்கும் என்றும் கொள்க. ஆண்டொன்றுக்கு 20,000 ரூபா ஆகின்றது. பழையதைத் திருத்த 45,000 ரூபா கேட்கப்படுகின்றது என்க. அப்படியாயின், திருத்தியபின் அது இரண்டேகால் ஆண்டு ஓடினாற் போதும், கணக்குச் சமம். அதற்குமேல் ஓடும் ஒவ்வொரு மாதமும் வீட்டுக்கு இலாபம். ஆகவே திருத்துநரிடம் கேட்கவேண்டிய வினா "எவ்வளவு?" என்பது மட்டுமன்று, "இரண்டேகால் ஆண்டு தாங்குமா?" என்பதும் ஆகும். அலுமினிய வார்ப்பு அரித்திருந்தால் நேர்மையானவர் தாங்காதென்பார். பாதிவிலை விதியோ, 45,000 என்பது காற்பங்குதானே என்று திருத்தச் சொல்லியிருக்கும்.

இக்கணக்கிற் பலர் வழுக்கும் இடம் ஒன்றுண்டு. "எழுபதினாயிரத்துக்கு வாங்கிய இயந்திரத்துக்கு நாற்பத்தையாயிரமா?" என்று மனம் கொதிக்கின்றது. எழுபதினாயிரம் என்பது அன்றைய விலை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணயமாற்று, அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதியாகும் இயந்திரத்தின் விலையும் அதனோடு ஏறியது. திருத்தச்செலவை ஒப்பிடவேண்டியது இன்று கடையில் உள்ள விலையோடேயன்றி, மறைந்துபோன பழைய பற்றுச்சீட்டோடன்று. வேறொன்றும் கவனிக்கத்தக்கது: ரூபா வீழ்ந்தபோது டொலரில் வரும் பலகையின் விலை ஏறிய அளவுக்கு உள்ளூர்க் கைக்கூலி ஏறவில்லை. பெயாரிங் மாற்றுவதுபோல உழைப்பே பெரும்பகுதியான திருத்தம் அதனால் முன்னையிலும் மலிவாயிற்று. உறுப்பே பெரும்பகுதியான திருத்தம் முன்னையிலும் அருமையாயிற்று.

விற்பனையாளர் கூறும் காரணங்களுள் இரண்டைச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். புதியது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பர். குளிர்நாடுகளிற் சலவைக்குச் செல்லும் மின்சாரத்தின் பெரும்பகுதி நீரைச் சூடாக்குவதற்கே செல்கின்றது; அங்கே இவ்வாதம் பலமுடையது. குளிர்நீரிலேயே துவைக்கும் நம் வீடுகளில் மிச்சமாவது சொற்பம். நீர்ச் சிக்கனம் வேறு. நீரை விலைகொடுத்து வாங்குபவர் அதைக் கணக்கிற் சேர்க்கலாம். "பத்தாண்டு உத்தரவாதம்" என்று பெட்டியிற் பெரிய எழுத்தில் இருப்பதும் பெரும்பாலும் மோட்டருக்கு மட்டும் உரியது. மோட்டரோ எளிதிற் கெடாத உறுப்பு. பம்பும் பலகையும் பெயாரிங்கும் எத்தனை ஆண்டு என்று சிறிய எழுத்தைப் படிக்கவேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இவ்விடயம் சட்டமாகியுள்ளது. 2021 மார்ச்சு முதல் அங்கே சலவை இயந்திரம் விற்பவர், அவ்வகையின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்தபின்னரும் குறைந்தது பத்தாண்டுக்கு முக்கிய உதிரிப்பாகங்களைக் கிடைக்கச் செய்யவேண்டும். பிரான்சு நாடு அதே ஆண்டு சனவரியில், இயந்திரத்தை எவ்வளவு எளிதாகத் திருத்தலாம் என்பதைப் பத்துக்கு இத்தனை புள்ளியெனக் கடையிலேயே எழுதிவைக்கச் செய்தது. இச்சட்டங்கள் நம்மைக் கட்டுப்படுத்துவன அல்ல. எனினும் புதியது வாங்கப்போகும்போது, "இதன் தொட்டி பூட்டியதா, ஒட்டியதா? இதன் பம்பு தனியே கிடைக்குமா? கொழும்புக்கு அனுப்பாமல் திருகோணமலையில் அல்லது வவுனியாவில் திருத்துவார் உண்டா?" என்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. நிறத்தைக் கேட்பவர் அளவுக்கு இதைக் கேட்பவர் இல்லாமையாலேயே கடைகளில் இதற்கு விடை ஆயத்தமாக இருப்பதில்லை.

மாற்றுவதே சரியான நேரங்களும் உள. இயந்திரத்தின் உடலே துருப்பிடித்து மின்கசிவு உண்டாகித் தொட்டால் அதிர்ச்சி தருமாயின், ஆயுட்கணக்கைப் பார்த்துக்கொண்டிருத்தல் ஆகாது. ஓராண்டுள் மூன்றாவது முறையாக வேறு வேறு உறுப்புகள் கெடுமாயினும் அவ்வாறே. கடற்கரையை அடுத்த வீடுகளில் இந்த நிலை விரைவில் வரும். உதிரிப்பாகம் வருவதற்கு ஆறு கிழமை என்றால், அந்த ஆறு கிழமையும் துவைக்கப்போகும் கைகளைக் கேட்டபின்பே முடிவு செய்யவேண்டும். படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டில் அக்கிழமைகளுக்கும் விலையுண்டு. சலவைக்குக் கொடுத்தனுப்பும் செலவைக் கூட்டிப் பார்த்தால், திருத்தம் மலிவு என்ற எண்ணம் மாறக்கூடும். முன்சொன்ன வெள்ளவத்தை வீட்டின் இயந்திரம் ஒட்டிய தொட்டியுடையதாகவும், வார்ப்பு அரித்ததாகவும், தொட்டி வருவதற்கு மாதங்கள் ஆவதாகவும் இருப்பின், மாமியாரின் விரிப்புகளை முன்னிட்டு அவர்கள் புதியது வாங்குவதே தகும். அதே இரைச்சலை முதல் மாதத்திலேயே கவனித்திருந்தால் விடை வேறாகியிருக்கும்.

கழித்த இயந்திரத்தை வீதியோரத்தில் விடுதல் தகாது. உருளையின் துருவேறா உருக்குக்கும், மோட்டரின் செப்புக்கும் பழைய இரும்புக்காரர் விலை கொடுப்பார். பம்பும் கதவுப் பூட்டும் நல்லனவாயின், அதே வகை இயந்திரம் வைத்திருக்கும் மற்றொருவருக்காகத் திருத்துநர் எடுத்துவைப்பார். எவரும் வேண்டாதது உள்ளே கிடக்கும் கொங்கிறீற்றுக் கட்டிதான். இயந்திரம் அதிராமலிருக்கப் பாரத்துக்காக வைக்கப்பட்டது அது. முன்புறக் கதவுடைய இயந்திரத்தைத் தூக்கிய நாலுபேரின் முதுகை முறித்ததும் அதுவே.

புதியது வந்ததும், அதன் முதுகிலே பயணத்தின்போது தொட்டி ஆடாதிருக்கப் பூட்டிய நீண்ட ஆணிகள், பெரும்பாலும் நான்கு, இருக்கும். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் இயந்திரம் முதல் நாளே அறையெங்கும் துள்ளித் திரியும். பழுதான பொருளைத் தலையிற் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரோடு சண்டை மூளும். கழற்றிய ஆணிகளை எறிந்துவிடாமல், உத்தரவாதப் பத்திரத்தையும் பற்றுச்சீட்டையும் வைக்கும் உறையினுள்ளேயே போட்டுவைத்தல் வேண்டும். வாடகைவீடு மாறும் நாளில் மீண்டும் அவற்றைத் தேடவேண்டிவரும்.